நியோடிமியமா நிஹோனியமா என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. நேற்று மத்தியானம்தான் அரை மணி நேரம் போனில் பேசினோம். உன் குரலில் சளி இருந்தது. கொத்தமல்லித் தண்ணீர் போட்டுக் குடி. நலம் விசாரிப்பு அவ்வளவுதான். போனில் பேசியவன் மறுநாளே எதற்காகப் பேனாவைத் தூக்குகிறான் என்று நினைப்பாய். சொல்ல வேண்டிய ஒன்றைப் போனில் என்னால் சொல்ல முடியவில்லை. அது ஒரு காரணம். இன்னொன்று, நீ கேட்ட நியோடிமியம், நிஹோனியம் என்கிற இந்த இரண்டு மூலகங்களும் மூன்று வாரமாக என்னைப் படுத்துகிற பாடு. இதை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். தேயிலைத் தொழிற்சாலையில் யாரிடம் ஆரம்பித்தாலும் மிஷின் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று சைகை காட்டிவிட்டு நழுவுகிறார்கள். மிஷின் நின்றிருக்கும்போதும் அதே சைகைதான்.

நீ கேட்டதை எழுதிவைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அங்கே பழைய காந்தங்களிலிருந்து நியோடிமியத்தைப் பிரித்தெடுக்கிற ஆராய்ச்சி. ஜப்பானில் ஓர் இடம், அங்கே நிஹோனியம் மாதிரி மனிதன் செய்த மூலகங்களின் குணத்தைப் பார்க்கிற ஆராய்ச்சி. எதற்குப் போனாலும் நாலைந்து வருஷம். இந்த மாதக் கடைசிக்குள் ஒன்றுக்குச் சரி என்று எழுத வேண்டும், மற்றது கைவிட்டுப் போகும். இதைச் சொல்லிவிட்டு நீ, "அப்பா, எனக்கு ரெண்டும் புடிச்சிருக்கு. நீங்க எதைச் சொல்றீங்களோ அதுக்குப் போறேன்" என்றாய். இரு பாப்பா, படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நானும் பெரிய மனிதன் மாதிரி சொல்லிவிட்டேன். நீ சிரித்தாய். எட்டாம் வகுப்போடு தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்துக்கு வந்தவன் ரசாயனம் படிக்கிறேன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. ஆனால் ஆழம் தெரியாமல் காலை விட்டவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு, நீந்திப் பழக வேறு வழியில்லை.

நீ போனில் அனுப்பிய பக்கங்களையெல்லாம் பலாங்கொடையில் நம் நானாவின் போன் கடைக்குக் கொண்டுபோய் அச்செடுத்தேன். பக்கங்களைப் பார்த்ததும் நானாவுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. போன் திருத்துகிற மேசையிலிருந்து ஒரு செத்த போனை எடுத்து, அதன் ஸ்பீக்கரை உடைத்து, நகக்கண் அளவு ஒரு வெள்ளித் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதான் ஒங்கட மகள் சொல்ற சாமான். இருவது வருஷமா இதக் குப்பையில போட்டிருக்கேன்" என்றார். அந்தக் கணம் எனக்குப் பளிச்சென்றது. எங்கள் தூள் சலிக்கிற சிப்டிங் அறையில் தேயிலைத் தூள் சரிந்து விழுகிற இடத்தில் இரும்புத் துகளைப் பிடிக்க ஒரு காந்தம் இருக்கிறதல்லவா? முன்பு கறுப்பாக ஒரு பாளம் இருந்தது. அதில் பாதித் துகள் ஒட்டும், பாதி பைக்குள் போகும். பிறகு வெள்ளி நிறத்தில் புதிதாகச் சில குழாய்கள் வந்தன. முதல் நாளே அதற்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் என் நடுவிரல் மாட்டி நகம் கறுத்துப்போனது உனக்கு ஞாபகம் இருக்கும். மறுநாள் அச்செடுத்த பக்கங்களோடு போய் மெக்கானிக்கிடம் கேட்டேன். அதே நியோடிமியம்தானாம். எத்தனை வருஷமாக என் விரலைக் கடித்த ஆளின் பெயர் தெரியாமல் இருந்திருக்கிறேன் பார்.

பெயர் தெரிந்த பிறகு குணம் பார்க்காமல் இருக்க முடியுமா? அணுவெண் அறுபது. வெட்டினால் வெள்ளி மாதிரி மினுங்கும், ஆனால் காற்றுப் பட்டால் கறுத்து, அந்தக் கறை செதிலாக உதிர்ந்து, உள்ளே இருப்பதும் கறுக்கும். அதனால் எண்ணெயில் போட்டு வைக்க வேண்டும். தனியாக விட்டால் ஒரு குண்டூசியைக்கூட இழுக்காது. இரும்போடும் போரனோடும் சேர்த்துவிட்டால் அதைப் போல இழுக்கிற காந்தம் வேறில்லை. இதைப் படித்தபோது நான் உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்து என்ன சிரிப்பு என்று கேட்டாள், சொல்லவில்லை. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அதன் இனப் பெயர்தான். அருமண். அரிய மண் என்றால் கிடைக்காத பொருள் என்றுதானே நினைப்போம். பூமியில் அது ஏறக்குறைய செம்பு அளவுக்குத் தாராளமாக இருக்கிறதாம். எங்கேயும் குவிந்து கிடக்காமல் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கிறது, அதுதான் சங்கடம். வெள்ளைக்காரன் அவசரப்பட்டுத் தப்பாகப் பெயர் வைத்துவிட்டான். தமிழில் மட்டும் அந்தத் தப்பு தானாகவே சரியாகிவிட்டது. 'அரிது' என்றால் நமக்குக் கிடைப்பதற்கு அரிது, செய்வதற்கும் அரிது, இரண்டும்தானே? கிடைக்காத மண் இல்லை, பிரித்தெடுக்கக் கஷ்டமான மண். இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் அன்றைக்கு இரண்டு தடவை சாப்பிட்டேன்.

இன்னொன்றும் படித்தேன். இரத்தினக்கல் குழியில் கூடையை அலசி முடித்ததும் அடியில் கனமான மணல் மிஞ்சுமே, அதில் தவிட்டு நிறத்தில் சில மணிகள் இருக்கும். மொனசைட் என்று பெயர். அதற்குள்ளும் நியோடிமியம் உண்டாம். அந்த மணலை நானும் குழியில் என் கூட்டாளி பியசேனவும் லீவு நாட்களில் எத்தனை கூடை ஓடையில் கொட்டியிருப்போம். அதோடு உன் ஐந்தாம் வகுப்புக் கட்டுரை ஞாபகம் வந்தது. 'எங்கள் இல்லம்' என்று தலைப்புக் கொடுத்தார் டீச்சர். நீயோ வீட்டில் நான் பேசிப் பேசி, இல்லம் என்றாலே குழிக்குள் கல் கிடக்கிற அந்தச் சரளைப் படை என்று நினைத்திருந்தாய். சிங்களத்தில் அதற்கு அதுதானே பெயர். "எங்கள் இல்லம் இருபது அடி ஆழத்தில் இருக்கிறது. தண்ணீர் இறைத்தால்தான் உள்ளே போகலாம். பெண்கள் வரக் கூடாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று மெதுவாக விசாரித்தார். நான் விழித்த விழியை நீ பார்த்திருக்க வேண்டும்.

இனி நிஹோனியத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதும்போதே கை ஓடுகிறது. நூற்றுப்பதின்மூன்று. பூமியைத் தலைகீழாகப் புரட்டினாலும் கிடைக்காது, செய்தால்தான் உண்டு. எப்படிச் செய்தார்கள்? துத்தநாகம் என்கிற நாகத்தின் அணுவை, ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டு, பிஸ்மத்தில் மோதவிட்டார்கள். நாகம் முப்பது, பிஸ்மத் எண்பத்து மூன்று. கூட்டிப் பார். கூட்டிப் பார்த்துவிட்டு நான் எழுந்து நின்றுவிட்டேன். உலகத்தில் இல்லாத ஒரு பொருளை இரண்டாம் வகுப்புக் கணக்கால் உண்டாக்கியிருக்கிறார்கள். அதிலும் நாகம் எது? நாம் குடியிருக்கிற லயத்தின் கூரைத் தகரத்தில் பூசியிருக்கிறதே, அதே நாகம். இதை உன் அம்மாவிடம் கத்திச் சொன்னேன். நாகத்தைப் படுவேகமாக ஓடவிட்டு மோதவிடுகிறார்கள், பாப்பா அங்கேயும் போகலாம் என்று இருக்கிறாள் என்றேன். கழுவிக்கொண்டிருந்த பானையை அவள் அப்படியே கீழே வைத்தாள். "பாம்ப வச்சுகிட்டு என்னங்க படிப்பு அது? அவள ஆஸ்திரேலியாவுக்கே போகச் சொல்லுங்க." உங்கள் பாடப் புத்தகத்தில் நாகம் என்றால் ஓர் உலோகம் என்று புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அதற்குப் பிறகும் அரை மனதாகத்தான் தலையாட்டினாள்.

ஏறக்குறைய ஒன்பது வருஷம் மோதவிட்டு அவர்கள் பார்த்தது மூன்றே மூன்று அணு. ஒரு நொடியை ஆயிரமாக நறுக்கினால் அதில் சில துண்டுகள், அவ்வளவு நேரம்தான் அவை இருந்தன. அதே மூலகத்தின் வேறு வகை ஒன்று சில நொடிகள் தாங்குமாம். இப்போது நியோடிமியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார். அது எத்தனை சூட்டில் உருகும் என்று கேட்டால் ஆயிரத்து இருபது பாகைக்குக் கிட்ட என்று சட்டென்று புத்தகம் சொல்லும், உருக்கிப் பார்த்திருக்கிறார்கள். நிஹோனியம் எத்தனையில் உருகும்? கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார்கள், உருக்கிப் பார்க்க ஒரு துண்டு வேண்டுமே. என்ன நிறம்? யாரும் கண்டதில்லை. எடை, மென்மை, பளபளப்பு எல்லாமே இப்படி இருக்கலாம் என்கிற ஊகம்தான். அட்டவணையில் அலுமினியம் இருக்கிற வரிசையின் அடியில் அது உட்கார்ந்திருக்கிறது, அதனால் அந்தக் குடும்பத்துக் குணம் இருக்கும் என்கிறார்கள். ஆனால் இவ்வளவு கனமான பிள்ளை குடும்பம் சொன்னபடி கேட்குமா என்பதுதான் நீ போய்ப் பார்க்கப் போகிற கேள்வி. ஒரே ஓர் அணுவை ஊதி அனுப்பி, அது பொன் தகட்டில் ஒட்டுகிறதா, தாண்டிப் போகிறதா என்று பார்ப்போம் என்றாயே. ஒரே ஓர் அணு. நான் ஒரு நாளைக்கு எத்தனை மூட்டைத் தூள் பார்க்கிறவன், எனக்கு மயிர் சிலிர்த்தது.

உன் அம்மா விடவில்லை. "ஒரு நொடிகூட இல்லாத சாமானுக்கு அஞ்சு வருஷமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அச்செடுத்த பக்கங்களை மறுபடி முதலிலிருந்து படித்தேன். இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். அந்த அணு உடையும்போது சும்மா மறைந்து போவதில்லை. நூற்றுப்பதின்மூன்று நூற்றுப்பதினொன்று ஆகும், பிறகு நூற்றொன்பது, பிறகு நூற்றேழு, இப்படி இரண்டிரண்டாக இறங்கிக்கொண்டே போகும், ஒவ்வொரு படியும் கருவியில் பதியும். அந்தப் படிகளைப் பின்னாலிருந்து எண்ணித்தான் மேலே ஒன்று இருந்தது என்று சத்தியம் செய்கிறார்கள். நியோடிமியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, அது என்றைக்கும் இருக்கும். அதன் தொல்லை வேறு. ஒரே குணமுள்ள பதினேழு பேர் அந்தக் கூட்டத்தில். அமிலத்தில் போட்டால் எல்லோரும் ஒன்றாகக் கரைவார்கள், ஒன்றாகப் படிவார்கள், இவரை மட்டும் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவரும் எழுந்து வருவார். நம் லயத்து விலாசம் மாதிரிதான். வரிசையாக இருபது ஒற்றை அறை வீடு, அந்த இருபது காம்பராவுக்கும் ஒரே விலாசம், தோட்டத்தின் பெயரும் டிவிஷன் பெயரும். அதற்குள் மூன்று கருப்பையா, நாலு மாரியாயி. கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும், அங்கிருந்து யார் கைக்குப் போகும் என்று அந்தக் கருப்பையாக்களுக்கே தெரியாது.

இந்த உவமையை எழுதிய பிறகு இரண்டு நாள் பேனாவை எடுக்கவில்லை. போனில் சொல்ல முடியாதது இங்கேதான் இருக்கிறது, மகளே. நீ பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணிய வருஷம், அட்டன் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு விஞ்ஞானம் படிக்க விண்ணப்பம் போட்டாய். நம் பக்கத்தில் தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்க இடமில்லை என்று நீயே தேடிக் கண்டுபிடித்த பள்ளிக்கூடம். பதில் வரவேயில்லை. தோட்டத்துக் கடிதம் என்றைக்கு ஒழுங்காக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நீயும் அதைத்தான் சொன்னாய். அழக்கூட இல்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கலைப் பிரிவில் போய் உட்கார்ந்தாய்.

அந்தக் கடிதம் வந்தது. தோட்டத்து ஆபிஸ் கிளாக்கர் ஐயா அதை என் கையில்தான் கொடுத்தார். அப்போது நான் தேயிலை காய வைக்கிற டிரையர் அறையில் வேலை. உனக்கு இடம் உண்டு, விடுதியிலும் இடம் உண்டு என்று எழுதியிருந்தது. இரண்டு தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். பெண் பிள்ளை, தூர ஊர், துணை இல்லை என்று எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் ஒன்றும் உண்மை இல்லை. நீ போனால் திரும்பி இந்தக் காம்பராவுக்கு வரமாட்டாய் என்று பயந்தேன். அதுதான் உண்மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன், பதினொரு வருஷம் ஒருவருக்கும் தெரியவில்லை. உன் அம்மா ஆபிசுக்குப் போய்க் கிளாக்கர் ஐயாவை வாய்க்கு வந்தபடி பேசினாளே, அப்போது நான் அவள் பின்னால்தான் நின்றேன். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். என்னிடம் கொடுத்தது அவருக்கு நினைவில்லை, எத்தனை கடிதம் கொடுக்கிறவர். அன்றிலிருந்து பென்ஷன் போகும் வரைக்கும் அவர் ஒவ்வொரு கடிதத்தையும் தானே லயத்துக்குக் கொண்டுவந்து பெயர் சொல்லிக் கொடுத்தார். மழையிலும் வந்தார். அதைப் பார்த்துக்கொண்டும் நான் வாய் திறக்கவில்லை.

மறு வருஷம் நீ என்ன செய்தாய் என்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமும் பெருமையும் ஒன்றாக வரும். யாரிடமும் சொல்லாமல் மறுபடி விண்ணப்பம் எழுதி, தோட்டத்து விலாசத்தை விட்டுவிட்டு, நானாவின் கடை விலாசத்தைப் போட்டாய். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் எங்களிடம் வந்து நின்றாய். அதற்குப் பிறகு எந்த ஆய்வுகூடத்தில் நீ என்ன செய்தாலும், உன் முதல் பரிசோதனை அதுதான். நீ இழந்த ஒரு வருஷம் என் கையால் போனது. மன்னித்துவிடு என்று கடிதத்தின் அடியில் கையெழுத்தோடு சேர்த்து எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கேயே எழுதுகிறேன். மன்னிக்க முடியாவிட்டால் அதுவும் சரி, அது உன் உரிமை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். மூன்றாம் நாள், "மொதல்ல கிளாக்கர் ஐயாகிட்ட போய்ச் சொல்லுங்க. அப்பறம் பாப்பாவுக்கு எழுதுங்க" என்றாள். போனேன். பலாங்கொடைக்குக் கீழே மகன் வீட்டில் இருக்கிறார், கண் கொஞ்சம் மங்கிவிட்டது. நான் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "நான்தான் எங்கயோ தொலச்சுட்டேன்னு இத்தன வருஷமா நெனச்சுகிட்டு இருந்தேன்" என்றார். திட்டவில்லை. உட்காரச் சொன்னார், உட்கார முடியவில்லை. பாப்பா இப்போது என்ன படிக்கிறாள் என்று கேட்டார். நியோடிமியத்தையும் நிஹோனியத்தையும் சொன்னேன். முப்பதும் எண்பத்து மூன்றும் என்றதும் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டு, அட, என்று முகம் மலர்ந்தார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.

ஆகவே நீ கேட்டதற்கு வருகிறேன். உன் அம்மா இன்னும் ஆஸ்திரேலியா பக்கம்தான். நானா எந்தப் பக்கம் என்று நேரத்துக்கு நேரம் மாறுகிறது. எனக்கும் ஒரு மனசு இருக்கிறது, இல்லை என்றால் பொய். அதை எழுதினேன், பிறகு அடித்தேன். அடித்ததை நீ வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவாய் என்று தெரியும், அதனால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். இரண்டில் எது உயர்வு என்று மூன்று வாரம் தேடினேன், அப்படி ஒன்று இல்லை. கையில் கிடப்பதைப் பிரித்தெடுப்பதும் அரிது, இல்லாததைச் செய்து அது போவதற்குள் குணம் கேட்பதும் அரிது. நீ எந்த வேலைக்குப் போனாலும் நான் சிப்டிங் அறையில் எல்லோர் காதிலும் கத்துவேன். அவர்கள் சைகை காட்டட்டும்.

ஆனால் நான் சொல்கிற இடத்துக்குப் போகிறேன் என்று நீ சொன்னாயே, அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள். அதை நீ யாரிடம் சொன்னாய் என்று இப்போது உனக்குத் தெரியும். ஒரு முறை உனக்காக முடிவு செய்தவன் நான், அதுவே போதும். உனக்குப் பிடித்ததை நீயே தேர்ந்தெடுத்து, முதலில் அவர்களுக்கு எழுது. எழுதியது அங்கே கிடைத்துவிட்டது என்று பதில் வரட்டும். அதற்குப் பிறகு வீட்டுக்குக் கூப்பிடு. நான் எடுத்தால் என்னிடம் சொல்லாதே, அம்மாவைக் கூப்பிடச் சொல். அவள் சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன்.

உன் அப்பா